பன்னிரண்டாவது நோட்டு

மாதத்தின் இரண்டாவது சனி, அரைநாள்.
மண்ணடியில் யாருடைய சரக்குக்கோ
ரசீது தட்டிக்கொண்டிருந்த விரல்கள்
ஒன்றரை மணிக்கு எனக்கே திரும்பி வருகின்றன.

சாப்பாட்டு டப்பாவைக் கழுவாமலே பையில் போட்டுக்கொண்டு
மீன்பாடி வண்டிக்கு வயிற்றை எக்கி வழிவிட்டு
பந்தர் தெருவுக்குள் நுழைந்தால்
முதலில் வருவது வாசனைதான்:
அறுத்த தாள், சூடான பசை,
யாரோ இப்போதுதான் பிரித்த ரப்பர் பெட்டி.
வாங்க வேண்டியது ஒன்றுமில்லை.
வீட்டில் பத்தொன்பது வெற்று நோட்டுகள் இருக்கின்றன.
அதனால் என்ன?
பூ வாங்குகிறவளிடம்
'நேற்றும் வைத்தாயே' என்று யாரும் கேட்பதில்லை.

தாவூத் பாய் கடையில்
பேனா முனையைச் சோதிக்க ஒரு தாள் தொங்கும்.
சுருள் சுருளாகக் கிறுக்கல்கள்,
பாதிக் கையெழுத்துகள், ஒரு வட்டிக் கணக்கு,
இந்தியில் ஏதோ, மூலையில் ஒரு 'கோமதி'.
நான் எழுதுவது எப்போதும் 'மழை'.
ழகரத்தின் சுழியில் தெரிந்துவிடும்
பேனாவின் குணம்.

இன்றைக்கு மனம் போனது ஒரு நோட்டின் மேல்.
உள்ளங்கை அகலம். சிவப்புத் துணி முதுகு.
"டஜன்தாம்மா. ஒண்ணு ரெண்டெல்லாம் கெடையாது."
கெஞ்சினேன்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"எனக்குப் பதினொண்ணு போதும். நீ ஒண்ண எடுத்துக்க."
பக்கத்தில் ஜெசிந்தா.
காசிமேட்டில் சீட்டு நடத்துகிறார்.
பன்னிரண்டாவது ஆள்
முதல் ஏலத்திலேயே எடுத்துக்கொண்டு ஓடிவிட்டானாம்.
"அவன் நோட்டுதான் இது.
நீயாச்சும் ஓடாம இரு."
என் பங்கு முப்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.
ஐம்பது காசை அவர் தள்ளுபடி செய்தார்.
சீட்டு நடத்துகிறவர் விட்டுக்கொடுத்த ஐம்பது காசை
லேசாக எடைபோடாதீர்கள்.

பிராட்வே நடைபாதையில்
அட்டை கிழிந்த ஒரு துப்பறியும் நாவல், நாற்பது ரூபாய்.
பீச் ஸ்டேஷனில்
கிளம்பாமல் நிற்கும் தாம்பரம் வண்டி,
பெண்கள் பெட்டி, ஜன்னலோரம்,
கையில் படிக்காத புத்தகம்.
இதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

எழும்பூரில் ஹேர்பின் விற்பவர் ஏறினார்.
நாற்பதாம் பக்கத்தில்
சமையல்காரர் பெயரைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம்.
ஓரத்தில்: 'இவன்தான்.'
எனக்கு முன் படித்த படுபாவி!
மூடி வைத்தேன். நுங்கம்பாக்கம் வரை தாங்கியது ரோஷம்.
மாம்பலத்தில் ரங்கநாதன் தெருவே
பைகளோடு ஏறி என் முழங்காலில் உட்கார்ந்தது.
ஒரு குக்கர் மூடிக்கும்
யாரோ ஒருத்தியின் பட்டுப்பாவாடைக்கும் நடுவே
பக்கங்களைத் திருப்பினேன்.
நூற்றுத் தொண்ணூறில் அதே பென்சில், கொஞ்சம் மங்கலாக:
'இல்லை. சமையல்காரர் மன்னிக்கவும்.'

சிரித்துவிட்டேன். சத்தமாக.
பாவாடைக்காரியின் அம்மா நகர்ந்து உட்கார்ந்தாள்.

குரோம்பேட்டை வந்ததை, நின்றதை,
என்னை விட்டுப் போனதை
நான் பார்க்கவில்லை.

சானடோரியம் நடைமேடையில்
வறுத்த கடலை, சுடச்சுட.
நோட்டைத் திறந்தேன்.
வீட்டில் இருக்கும் பத்தொன்பதுக்கும்
முதல் பக்கம் இன்னும் வெள்ளைதான்.
அதற்குத் தகுந்த வாக்கியம் வரட்டும் என்று
வருஷக்கணக்காக வைத்திருக்கிறேன்.
இது ஓடிப்போனவனின் நோட்டு.
இதற்கு அந்தக் கூச்சமெல்லாம் தெரியாது.

எழுதினேன்:
கடலை – 20.

உப்பு விரல் பட்டு ஒரு சின்ன எண்ணெய்க் கறை.
திரும்பும் வண்டிக்கு எட்டு நிமிஷம்.
கொலைகாரனுக்கு
இன்னும் அறுபது பக்கம்.