கிலோவுக்கு ஆறு

"சாத்துக்குடி அளவு" என்றார் ஸ்கேன் டாக்டர்.
கிலோவுக்கு எத்தனை நிற்கிற சாத்துக்குடி என்று கேட்டேன்.
கோயம்பேட்டில் பதினெட்டு வருஷமாகப் பழம் தரம் பிரிக்கிறவள்.
நாலு நிற்பதும் உண்டு, ஒன்பது நிற்பதும் உண்டு.
அவர் சிரிக்கவில்லை.
ஏழு சென்டிமீட்டர் என்றார்.
அப்போ ஆறு.

மாசத்தில் பத்து நாள் மெரூன் புடவை.
விடிகாலை லாரி இறங்கும்போது
எண்ணுகிற சாக்கில் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிடுவேன்,
எழுகிறபோது கை தானாகப் பின்னால் போகும்.
ஹீமோகுளோபின் எட்டு.

வடபழனி டாக்டரம்மா சொன்னார்:
"பசங்க ரெண்டும் வளந்தாச்சு, பையை எடுத்துடலாம்."
காலிக் கோணியை மடித்து வைக்கச் சொல்வதுபோல.
அவர் தலையாட்டினார். நாத்தனார் எஸ்தர் தலையாட்டினாள்.
என் தலையை யாரும் பார்க்கவில்லை.

கீழ்ப்பாக்கத்தில் கிடைத்த வழி
மணிக்கட்டில் இருந்தது.
வளையல் கழற்றிய இடத்தில் ஓர் ஊசி.
மயக்கமில்லை, விழித்தே கிடந்தேன்.
நூல்போன்ற குழாய் முழங்கை தாண்டி, தோள் திரும்பி,
நெஞ்சுக்குப் பின்னால் இறங்கி
என் ரத்தம் போகிற பாதையிலேயே போனது.
சாயம் ஏறியதும் அடிவயிற்றில் வெந்நீர்.
திரையில் ஒரு கறுப்பு மரம்.
"இந்தக் கிளைதான் அதுக்குச் சோறு போடுது"
என்றார் டாக்டர் நெடுமாறன்.
ரவையைவிடப் பொடியான மணிகளை அனுப்பினார்.
கிளை மங்கியது. அப்புறம் அடுத்த பக்கத்துக் கிளை.
வரத்து நின்றால் மண்டி என்ன ஆகும்?
அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கத்தி படாத வைத்தியம்தான்.
ஆனால் அன்று ராத்திரி
பட்டினி போட்டது பல்லைக் கடித்தது.
இரண்டு பிரசவத்தையும் ஒரே துணியில் முறுக்கிப் பிழிந்த மாதிரி.
வலிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்,
நான்தான் காதில் வாங்கவில்லை.
வலி மருந்துப் பொத்தானை அழுத்தி அழுத்தி
கட்டைவிரல் சிவந்தது.

நாலாம் நாள் கடையில்
"கைக்கு என்னம்மா?" என்றார் ஜூஸ் கடை காதர் பாய்.
வளையல் குத்திடுச்சு என்றேன்.

ஐந்து மாதம் கழித்து
அதே ஸ்கேன் டாக்டர், அதே குளிர்ந்த பசை.
"பெரிய எலுமிச்சை" என்றவர்
என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே,
"நாலரை சென்டிமீட்டர்" என்றார்.
போய்விடவில்லை. வற்றிக்கொண்டு உள்ளேயே இருக்கிறது.
இருந்துவிட்டுப் போகட்டும், வாடகை கேட்காதவரை.

உட்கார்ந்து எழுந்தால்
கை இன்னும் பின்னால்தான் போகிறது.

அனந்தபூர் லாரி வந்துவிட்டது.
முதல் மூட்டையில் கைவிட்டு ஒன்றை எடுத்தேன்.
ஆறு நிற்கும்.
கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு
அதன் பெட்டியில் போட்டேன்.