பதினாறு அங்குலம்

நெப்ராஸ்காவில் மார்ச் மாதம்.
கேரேஜ் ஹீட்டர் என் வலது முழங்காலை மட்டும் சுடுகிறது.
நான்கு இரும்புத் தாங்கிகள் மேல்
முப்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டு.
பானெட் இல்லை, மட்கார்டு இல்லை,
என்ன நிறம் என்று இன்னும் சண்டை முடியவில்லை.
எஞ்சினைப் பற்றிக் கேட்பவர்களுக்கு
டுவேன் மணிக்கணக்கில் சொல்வான்.
எல்லோரும் ஓடுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.
நிற்பது என் பொறுப்பு.

முன் அச்சை விற்ற செலாக்
'இடது சக்கரம் கொஞ்சம் பிடிவாதம்' என்றிருந்தான்.
அதன் பழைய பிரேக் ஹோஸைக் குறுக்கே அறுத்தேன்.
வெளியே ஒரு கீறல் கிடையாது.
உள்ளே ரப்பர் ஊதி,
ஊசி நுழையாத தொண்டை.
மிதித்தால் ஆயில் முண்டியடித்துப் போய்விடும்,
காலை எடுத்தால் திரும்பாது.
எத்தனை மைல் அப்படியே
பல்லைக் கடித்துக்கொண்டு உருண்டதோ அந்தச் சக்கரம்.

டுவேனுக்கு எஃகுப் பின்னல் வேண்டும்,
வெள்ளி அரைஞாண் மாதிரி மினுங்க வேண்டும்.
மட்கார்டு இல்லாத வண்டி, எல்லோர் கண்ணும் அங்கேதான் என்கிறான்.
உரசினால் அது ரம்பம், டுவேன்.
பக்கத்தில் இருப்பதை அறுத்துவிட்டுத்தான் ஓயும்.
சரி, மேலே தெளிந்த பிளாஸ்டிக் உறை போட்டது
என்று ஒத்துக்கொண்டோம்.
நிறத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை.

துணி காயப்போடும் கயிற்றை வெட்டி அளந்தேன்.
ஸ்டியரிங்கை இடது கோடிக்கு. வலது கோடிக்கு.
ஸ்பிரிங் முழுக்கத் தொங்க, சக்கரம் அந்தரத்தில்.
அங்கே ஒரு முடிச்சு.
பதினாறு அங்குலம்.

அளந்து பேசுகிறவன் டுவேன்.
அளக்காமல் பதினான்கு வாங்கி வந்தான்,
விலை குறைத்திருந்தார்களாம்.
நேராக நிற்கும்போது அழகாகத்தான் இருந்தது.
இடது கோடிக்குத் திருப்பினேன்.
நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன்,
சுருதி கொடுத்தது.
அவன் எதுவும் சொல்லாமல்
சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

இரண்டாவது முறை நீளம் சரி,
வாய் சரியில்லை.
குழாய் நாற்பத்தைந்து பாகை, ஹோஸ் முப்பத்தேழு.
எட்டு பாகையைக் கண் மன்னித்துவிடும்.
மரையும் ஏறிவிடும், அதுதான் ஆபத்து.
ஆயில் மன்னிக்காது.
இந்தத் தடவை நானே போனேன்,
பையில் கயிறு, கையில் குழாயின் நுனி.

ஜூன். முதல் ஓட்டம். ஊர் எல்லையில்
ரயில்வே கேட் இறங்குகிறது.
மிதிக்கிறேன்.
இடப் பக்கம் இழுக்காமல், வலப் பக்கம் இழுக்காமல்
நின்றுவிட்டது.
சோளம் ஏற்றிய சரக்கு ரயில், அவசரமே இல்லாமல்.
எதிர்ப்பக்கம் ஒரு பையன்
எஞ்சின் சத்தத்துக்குக் கட்டைவிரல் காட்டுகிறான்,
டுவேன் பதிலுக்குக் காட்டுகிறான்.
நான் பெட்டிகளை எண்ணுகிறேன்.
என் காலடியில் பெடல் போட்ட இடத்திலேயே இருக்கிறது,
ஒரு நூலளவுகூட இறங்கவில்லை.
எண்பத்தொன்பது.
தொண்ணூறு.