முப்பத்தெட்டாவது சர்வர்

வாசா நகரில் கடல் உறைந்து கிடந்த இரவு
ஓட்டை என்று அறிவிப்பு வந்தது.
குனிலா ஒரே ஒரு வரி தட்டினாள்.
முப்பத்தேழு சர்வர்கள்
பொட்டலம் பிரித்து விழுங்கி
காபி ஆறுமுன் தேறிவிட்டன.

ஒன்று மட்டும் அசையவில்லை.
மூலநிரலிலிருந்து ரைமோ
தானே கம்பைல் செய்தது,
எந்தப் பட்டியலிலும் பேர் இல்லாதது.
ரைமோ இப்போது ட்ரோம்சோவில் படகு ஓட்டுகிறான்.
போனை எடுப்பதில்லை.

பழைய கட்டளைகளைக் கிளறக் கிளற
நாலு மணிக்கு ஒரு வரி:
ஓட்டை இருக்கும் பகுதியையே
அவன் கட்டாமல் விட்டிருக்கிறான்.
கதவே வைக்காத சுவரில்
தாழ்ப்பாளை எங்கே தேட?

தணிக்கைப் படிவத்திலோ இரண்டே கட்டங்கள்:
அடைத்தாயிற்று. அடைக்கவில்லை.

பேனாவைக் கடித்தபடி
மறுபடி அவனைத் திட்டினாள்,
கொஞ்சம் மெதுவாக.