கூட்டல் கழித்தல் நான்கு

படகின் பக்கவாட்டில் மின்னும் மஞ்சள் எழுத்தைத்
தட்டிக் காட்டினார் செய்யது இபுராம்சா.
"ரேடியம்னா இதுதானே?
கீழக்கரையில வெட்டி ஒட்டித் தர்றான்.
இதுக்கா மதுரையிலருந்து வந்தீக?"
அதில் ரேடியம் ஒரு துகளும் இல்லை,
வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வெறும் தாள்,
நிஜமானது உங்கள் கடலுக்குள் இருக்கிறது என்றேன்.
அவர் வீட்டில் திருட்டுச் சாமான் இருப்பதாய்ச் சொன்னதுபோல்
ஒரு பார்வை.

பெரியபட்டினம் கரை. பங்குனி. காற்று விழுந்த கடல்.
நான்கு பேரல், ஒரு பேட்டரி மோட்டார்,
மாங்கனீசில் ஊறிக் கறுத்த பஞ்சு ஏழு பை,
அதில் ஒன்று உபரி.
பாசி எடுத்துக் கரையேறிய இருளாயி
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி
"யாரு சவுரி இது?" என்றாள்.
கடல்நீர் இதன் வழியே போனால்
ரேடியம் மட்டும் சிக்கிக்கொள்ளும் என்றேன்.
"எங்கிட்டு அள்ளுவ?"
வரைபடத்தை விரித்தேன், ஆறு புள்ளி.
அவள் அதைப் பார்க்கவில்லை.
இடுப்பளவுத் தண்ணீருக்கு நடந்துபோய் நின்றாள்.
"இங்க அள்ளு. இங்க கால் குளிரும்.
மேல உப்பு, அடியில இனிப்பு."

ஊர்க்கிணறுகளுக்குத் தப்பிய நன்னீர்
மணலுக்கு அடியில் கடலைத் தேடி வருகிறது.
அதுவரை மணலை இறுகப் பிடித்திருந்த ரேடியம்
உப்பைக் கண்டதும் பிடியை விடும்.
உபரிப் பை அவள் இடத்துக்குப் போனது.

நிமிடத்துக்கு ஒரு லிட்டர்தான். அவசரப்பட்டால் பஞ்சு பிடிக்காது.
"எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்றார் இபுராம்சா.
மூன்றே முக்கால் நாளுக்குள் பாதி போய்விடும்.
மீதியில் பாதி, இன்னொரு மூன்றே முக்காலுக்குள்.
"எப்பத் தீரும்?"
கணக்குப்படி தீராது.
"எஞ்சின் கடன் மாதிரி" என்றவர்
பீடியைப் பற்றவைத்துவிட்டுத் திருத்திக்கொண்டார்:
"இல்ல. அது ஒருநாளும் பாதியானதில்ல."

எது முதலில் உடையும் என்று தெரியாது.
ஒரே மாதிரி இரண்டு அணு, அருகருகே.
ஒன்று இன்று சாயங்காலம்,
மற்றது சித்திரை பிறந்த பிறகு.
வயசாகி உடைவதில்லை அவை.
எது என்று கேட்டால் கருவி வாய் திறக்காது,
எத்தனை என்று கேட்டால் சொல்லும்,
அதுவும் தயங்கித் தயங்கி.

ராமநாதபுரம் தாண்டி பஸ் பஞ்சர்.
பைகளை மடியில் வைத்து இரண்டு மணி நேரம்
கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எடை குறையவில்லை.
உள்ளே குறைந்துகொண்டிருந்தது.

ஆய்வகத்தில் முதலில் காலிக் கலத்தை எண்ண வேண்டும்.
ஒன்றும் வைக்காதபோதும் தட்டும்:
சுவரிலிருந்து, காற்றிலிருந்து,
பக்கத்தில் நிற்கும் என்னிலிருந்தும் இருக்கலாம்.
அத்தனையும் கழித்த பிறகுதான்
கடலுடையதைக் கடலின் பேரில் எழுதலாம்.

ஹீலியம் பஞ்சுக்குள் புகுந்து
ரேடியம் ஈன்ற வாயுவை அள்ளிவந்தது.
இருட்டறைக்குள் ஒவ்வோர் உடைவுக்கும் ஒரு பொறி.
எனக்குப் பொறி தெரியாது, எண் மட்டும் தெரியும்.
நடுராத்திரி கரண்ட் போனது.
மறுபடி முதலிலிருந்து.

என் ஆறு புள்ளியும் ஒன்பதைத் தாண்டவில்லை.
அவள் கால் குளிர்ந்த இடத்தில்
நூறு லிட்டருக்கு, நிமிடத்துக்கு, நாற்பத்து மூன்று உடைவு,
கூட்டல் கழித்தல் நான்கு.

போனில் சொன்னேன்.
"அந்த நாலு கூடயா, கொறச்சலா?"
எந்தப் பக்கமும் இருக்கலாம்.
கொஞ்ச நேரம் அலைச் சத்தம்.
"அப்ப உனக்கும் சரியாத் தெரியாது."
ஆமாம், எவ்வளவு தெரியாது என்பது மட்டும் தெரியும் என்று
நான் சொல்லி முடிப்பதற்குள்
காயப்போட்ட பாசியில் ஆடு வாய்வைக்க
லைனை விட்டுவிட்டு ஓடினாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ண வேண்டும்
என்பதால் பைகள் இன்னும் அலமாரியில்.
அதே பஞ்சில் இன்னொரு ரேடியமும் உண்டு,
பாதியாக ஆயிரத்து அறுநூறு வருஷம் எடுப்பது.
பையின் மேல் பேனாவால் எழுதிய அவள் பேர்
என் உப்புக் கை பட்டு அழிந்து
'இரு' மட்டும் மிச்சம்.