எட்டுப் பத்திலிருந்து பத்துப் பத்து வரை

வெறும் வயிற்று ரத்தத்தைக் கொடுத்துவிட்டு
முழங்கை மடிப்பில் பஞ்சோடு வெளியே வந்தேன்.
"வழக்கமா சாப்பிடறதையே சாப்பிடுங்க.
முதல் வாயிலேர்ந்து ரெண்டு மணி நேரம்.
நடுவுல தண்ணி தவிர ஒண்ணும் கூடாது"
என்றிருந்தாள் ஊசிக்காரப் பெண்.

ஆரணிக்காரிக்கு வழக்கம் இட்லிதான்.
ஆனால் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
பலகைகள் எல்லாம் வங்காளத்தில்.
தலைக்கு மேல் ஒரு கோடு,
கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கும் எழுத்துகள்.
அதன் கீழே நிமாயின் வண்டியில்
வெள்ளை வெளேரென்று உப்பியது ஒரு பூரி.
"லூச்சி" என்றான்.
"எத்தினி வோணும்?" என்றான், காட்பாடியில் பிறந்தவன் மாதிரி.
என் பஞ்சைப் பார்த்தான்.
"பாஸ்டிங்கா? மணி பாத்துக்கோ அக்கா."

எட்டுப் பத்து. முதல் வாய்.
கடுகெண்ணெய் மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கியது.

பிறகு வாயைப் பூட்டிக்கொண்டு நடந்தேன்.

காந்தி ரோட்டில் மூன்றாவது ஆளுக்கெல்லாம் பஞ்சு.
லாட்ஜ் மாடிகளில் ஈரப் புடவைகள்,
ஜன்னலில் பக்கத்து மாநிலங்களின் குக்கர் விசில்.
லாங் பஜாரில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.
மிளகாய் வற்றலுக்கு ஒரு தும்மல்,
மல்லிக்கு ஒரு பெருமூச்சு.
இலவம்பாடி முள்கத்தரி, கூறு முப்பது.
தயங்கித் தொட்டேன்.
"பயப்படாத தாயி, உன்ன ஏற்கெனவே
குத்திட்டாங்க போல கீதே" என்றாள் கடைக்காரி.
பஜாரே சிரித்தது, நானும்.

பள்ளிவாசல் சந்தில்
ஒன்பது மணிக்கே தேக்சாவின் விளிம்பில்
மாவுப் பூச்சைக் கரண்டிக் காம்பால் கீறினார் அத்தாவுல்லா பாய்.
மூடி விலகியதும்
போகிற சைக்கிள் ஒன்று கால் ஊன்றி நின்றது.
மூச்சு இழுப்பது சாப்பாட்டில் சேருமா?
ஊசிக்காரப் பெண்ணைக் கேட்க மறந்துவிட்டேன்.
இரண்டு தடவை இழுத்தேன்.

கோட்டை.
பாலாற்றில் இல்லாத தண்ணீர்
அகழியில் பச்சையாய்ப் படுத்திருக்கிறது.
ஒரே மதிலுக்குள் கோயில், சர்ச், மசூதி.
மூன்றையும் ஒரு காவலாளி
ஒரே கொட்டாவியில் பார்த்துக்கொள்கிறார்.
கல்யாண மண்டபத்துக் கல்லில்
இரண்டு உடம்புக்கு ஒரு தலை.
இந்தப் பக்கம் கையால் மறைத்தால் யானை,
அந்தப் பக்கம் மறைத்தால் காளை.
மறைத்து மறைத்துப் பார்த்தேன்.
கையை எடுத்தேன்.
அந்தத் தலை எதையும் சொல்லவில்லை.
என் தாளும் மாலை நாலு மணிக்குத்தான்.

வெளிப் பிராகாரத்தில் யாரோ வேண்டுதல்:
தொன்னை தொன்னையாய்ச் சர்க்கரைப் பொங்கல்.
"பிரசாதம்லாம் கணக்குல வராதும்மா."
யார் கணக்கில்?
வாங்கினேன். வாயில் வைக்கவில்லை.
நெய் கசியும் தொன்னையை
ஏந்திக்கொண்டே
போக்குவரத்தில் திரும்பினேன்.
ஹாரன்கூட அதற்கு வழி விட்டது.
நாட்டு மருந்துக்கடை, நன்னாரி சர்பத்,
எண்ணெயில் திரும்பிப் படுக்கும் கீமா சமோசா,
பலகையில் மட்டும் படித்தேன் மக்கன் பேடா.

பத்துப் பத்துக்கு அடுத்த கையிலும் ஊசி.
இரண்டு முழங்கையையும் மடக்கி
கும்பிடப் போகிறவள்போல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
மடியில் தொன்னை.

பக்கத்தில் ஒருத்தி, சங்கு வளையல்,
ஒரு கையில் மட்டும் பஞ்சு.
அவள் பொங்கலைப் பார்த்தாள்,
நான் தேக்சாவைப் பார்த்த மாதிரி.

பத்து நிமிடம் பொறுத்தேன்.
அதற்குமேல் என்னால் ஆகவில்லை.
பாதி தின்றேன், அவளுக்கு முதுகைக் காட்டி.
முந்திரி இருந்த பாதியை மூடி
அவள் பக்கம் தள்ளினேன்.
சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன்.
அவள் தலையாட்டினாள்,
பத்து விரலையும் விரித்து மடக்கி
விரித்து மடக்கி
விரித்தாள்.