ஆறு விநாடி

நிலையத்தில் எனக்கு வைத்த பெயர் மித்ரன்.
வண்ணார்பேட்டை மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினால்
ஜெபசிங். டீக்கடையில் நூற்றுப்பத்து ரூபாய் பாக்கி.

'வணக்கம், யார் பேசுறீங்க' என்று
சென்னைக்காரன் மாதிரிதான் ஆரம்பிப்பேன்.
களக்காட்டிலிருந்து வாழைத்தார் விலையோடு ஒருவர் வருவார்.
அரை நிமிடத்தில் என் நாக்கு
'அப்புறம் என்ன செஞ்சிய அண்ணாச்சி' என்று
ஊருக்குத் திரும்பிவிடும்.
மேலாளர் கண்ணாடிக்கு அப்பால்
தலையில் அடித்துக்கொள்வார்.

நேற்றுப் பிற்பகல்
மேலப்பாளையத்திலிருந்து ஓர் அழைப்பு.
பேர் சொல்லவில்லை. பின்னால்
பீடி இலை நறுக்கும் கத்தரி,
என் பேச்சைவிட ஒழுங்காக.

'என்ன பாட்டு வேணும்?'
'பாட்டு வேண்டாம்.'
'யாருக்காவது வாழ்த்து?'
'எங்க தெருவுல பதினோரு வீட்லயும்
நீங்கதான் கத்திக்கிட்டுக் கெடக்கிய.
எதுத்த வீட்டுப் புள்ளைக்கு
மூணு நாள் கழிச்சு இப்பதான் காய்ச்சல் விட்டு உறங்குது.
வீடு வீடாப் போய்ச் சொல்ல முடியாது,
மடியில தட்டு இருக்கு.
கொஞ்சம் சும்மா இருங்களேன்.'

ஏழு வருஷத்தில் வராத நேயர் விருப்பம்.
மைக்கை இறக்கினேன்.
ஒன்று. இரண்டு.
கத்தரியும் நின்றது.
மூன்றில் பதினோரு வீடு.
நான்கில், அம்பாசமுத்திரம் பஸ்ஸில் யாரோ
ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்திருப்பார்.
ஐந்து.
ஆறாவது விநாடி, மௌனம் பொறுக்காத கம்ப்யூட்டர்
தானாகவே நகைக்கடையைத் திறந்தது:
செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை!

இணைப்பு அறுந்திருந்தது.
பிள்ளை எழுந்ததா, தெரியாது.

இன்று அதே நேரத்துக்குக்
குரலைத் தாழ்த்தியே பேசினேன்.
'தொண்டை கட்டியிருக்கா தம்பி,
மிளகு போட்டுப் பால் குடிங்க' என்றார்
களக்காட்டுக்காரர்,
பதினோரு வீடும் அதிரும்படி.