நூற்றைம்பது வார்த்தைக்குக் குறையாமல்

வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம்.
குறையைச் சொல்லுங்கள், தீர்வு கேளுங்கள்.
இருபது நிமிடம்.

காளவாசல் வகுப்பில் மற்றவர்கள்
லண்டனில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோய்
ஹீட்டர் ஓடவில்லை என்று எழுதினார்கள்.

எனக்குச் செல்லூர் மாடிதான் வந்தது.
ஏழு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிடுவார்
சௌந்திரபாண்டி அண்ணன்.
நைட் டூட்டி முடிந்து நான் படியேறுவது
ஏழே காலுக்கு.

நாலு வருஷமாய் நேரில்
"பரவாயில்லண்ணே" தவிர
வேறெதுவும் வாயில் வந்ததில்லை.
இங்கிலீஷில் வந்தது.
அரைக் குடத்தில் தலைக்குக் குளித்தது,
டெட்டால் வாசத்தோடு படுத்துக்கொண்டது,
அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று அவர் சிரித்தது,
பக்கத்துத் தறி ஓட ஓட
பகலில் கண்ணை மூடிக் கிடந்தது.
எண்ணிப் பார்த்தேன்:
இருநூற்றுப் பதினெட்டு.

ஃபெலிக்ஸ் சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்:
இலக்கணம் தேவலை.
தொனியில் கோபம் தெரிகிறது, குறைக்கவும்.
'தங்கள் உண்மையுள்ள' எங்கே?

இன்று காலை படியில் எதிரே வந்தவர்
சும்மா கேட்பதுபோல் கேட்டார்,
"தண்ணி வருதாம்மா?"

பைக்குள் அந்தத் தாள்
நாலாய் மடிந்து கிடந்தது.

"வரலண்ணே."

அவர் டேங்கை அண்ணாந்து பார்த்தார்.
நான் பார்க்கவில்லை.